புல்லட் இன்ஜினை வீட்டுல பிரிக்கப் போறீங்களா?

அப்பா ஓட்டின புல்லட் பல வருஷமா தார்ப்பாய்க்குள்ள நிக்குது, இன்ஜினை நானே இறக்கிப் பிரிச்சு சேர்க்கலாமான்னு கேக்குறவங்களுக்காக இன்னிக்குப் பேசுறேன். தாராளமா பண்ணலாம். ஆனா ஸ்பானரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல பதியணும். இந்த இன்ஜின் பிழைக்கிறதும் பாழாப் போறதும் ஆயில் போற வழியிலதான் இருக்கு. போர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு போட்டும் அந்த வழியைக் கவனிக்காம மூடுனா, செலவு பண்ணதெல்லாம் வீண்.

நான் சொல்றது திருவொற்றியூர் தொழிற்சாலையில இருந்து வந்த பழைய 350, 'காஸ்ட் அயர்ன் புல்லட்'னு மெக்கானிக்குங்க சொல்றது. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்ச காலத்து வடிவம் அது. பல பத்தாண்டுகள் பெருசா மாறாம ஓடினதால இன்னிக்கும் சாமான் கிடைக்குது. சென்னைக்காரங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் விசாரிச்சுப் பாருங்க.

ரொம்ப நாள் நின்ன வண்டின்னா முதல்ல கிக்கர் மேல ஏறி மிதிக்காதீங்க. ரிங் போரோட ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டை வழியா கொஞ்சம் டீசலும் ஆயிலும் ஊத்தி ஒரு ராத்திரி ஊற விடுங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்தைக் கையால மெதுவா அசைச்சுப் பாருங்க.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போன்ல படம் எடுங்க. நட்டு போல்ட்டை ஒரே டப்பாவுல கொட்டாம, எந்தக் கவரோடதோ அந்தந்தப் பையில போட்டு எழுதி வைங்க. இடது பக்கம் பிரைமரி செயின் கவர் ஒரே ஒரு நட்டுலதான் நிக்குது. ஆயில் ஒழுகுதுன்னு அந்த நட்டை வெறியா முறுக்கினா கவர் வளைஞ்சு இன்னும் ஒழுகும். ரப்பரை மாத்துங்க, அதுதான் வைத்தியம்.

இப்போ வலது பக்கம் வாங்க. டைமிங் கவரைத் திறந்தா கேம் பல்சக்கரங்கள் தெரியும். எதையும் உருவுறதுக்கு முன்னாடி பல்லுல இருக்குற புள்ளி அடையாளம் எதோட எது சேருதுன்னு பார்த்துக்கோங்க. புள்ளி தேஞ்சு தெரியலைன்னா பெயின்ட்டுல நீங்களே ஒண்ணு வைங்க. கிராங்க் முனையில ஒரு வார்ம் இருக்கும், ஆயில் பம்பைச் சுத்த வைக்கிறது அதுதான். அதுக்கு இடது மரை. வழக்கமா கழட்டுற பக்கம் திருப்பினா இன்னும் இறுகும். நிறைய வண்டியில அந்த வார்ம் சிதைஞ்சு கிடக்கிறதுக்குக் காரணம், விவரம் தெரியாம யாரோ உளி வச்சு அடிச்சதுதான்.

அதே கவருக்குள்ள ரெண்டு பம்ப் இருக்கு. ஒண்ணு ஆயிலை அனுப்புது, இன்னொண்ணு திரும்ப எடுத்து வருது. அனுப்புற ஆயில் ஃபில்டரைத் தாண்டி, கவர்ல இருக்குற ஒரு சின்ன கார்க் வழியா கிராங்க்குக்குள்ள நுழைஞ்சு பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கிற முனைக்குப் போகுது. இந்த மாடல்ல பிக் எண்டுல உருளை பேரிங் கிடையாது, மிதக்குற புஷ்தான். ஆயில் படலம் இல்லாம அதால தாங்க முடியாது. இவ்வளவு பெரிய இன்ஜினோட உயிர் அந்தத் துண்டு கார்க்குலதான் நிக்குது. அது நசுங்கியோ காஞ்சோ இருந்தா ஆயில் அங்கேயே கசிஞ்சு போயிடும், வெளியில ஒரு சொட்டும் தெரியாது. கவரைத் திறந்தாலே அதை மாத்திடுங்க. பம்ப் தட்டுல கோடு விழுந்திருக்கான்னு நகத்தால வருடிப் பாருங்க. நகம் தட்டுனா புதுசு போடணும்.

ஹெட் வேலை வீட்டுலயே ஆகும். வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சதும், போர்ட்டுல கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி வைங்க. வால்வு விளிம்புல ஈரம் கசிஞ்சா இன்னும் தேய்க்கணும். போர் போடுறது லேத் பட்டறை வேலை. பிஸ்டனை முதல்ல வாங்கி, அதைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அந்த பிஸ்டனை அளந்துதான் போர் போடணும், வெறும் நம்பரைச் சொல்லிட்டு வராதீங்க. கிராங்க் அசெம்பிளியை வீட்டுல பிரிக்கவே வேண்டாம். பிரஸ்ஸும் டயல் கேஜும் வச்சிருக்குற அனுபவசாலிகிட்ட விடுங்க. காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

சேர்க்கும்போது பிஸ்டன் பின் சர்க்ளிப் கட்டாயம் புதுசு. மாட்டுறதுக்கு முன்னாடி கீழே கிராங்க் கேஸ் வாயில சுத்தமான துணியை அடைச்சுக்கோங்க. சர்க்ளிப் தெறிச்சு உள்ளே விழுந்தா மறுபடி மொத்தத்தையும் பிரிக்கணும். ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டுல வராமப் பார்த்துக்கோங்க. ஹெட் நட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. டேப்பட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கும்போதுதான் வைக்கணும். புஷ்ராடு விரலால தாராளமா சுத்தணும், மேலே கீழே ஆட்டம் இருக்கக்கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35-ல இருந்து 0.40 மி.மீ.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் டேங்கை நிரப்பினதோட விட்டுடாதீங்க. ஃபில்டர் அறையையும் ஆயிலால நிரப்புங்க, ராக்கர் மேலயும் ஊத்துங்க. காஞ்ச பம்ப் தானா ஆயிலை இழுக்க நேரம் ஆகும், அதுவரைக்கும் பிக் எண்ட் வெறுமையா சுத்தும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விட்டு, ராக்கருக்குப் போற குழாயோட போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஆயில் கசிஞ்சு வந்தா இறுக்கிடலாம். ஒரு நிமிஷத்துக்குள்ள வரலைன்னா, சத்தம் எவ்வளவு நல்லா இருந்தாலும் உடனே நிறுத்துங்க. எங்கே தடைன்னு கண்டுபிடிச்ச பிறகுதான் அடுத்த கிக்.

ஓடி ஆறின பிறகு ஹெட் நட்டையும் டேப்பட்டையும் ஒரு தடவை மறுபடி பாருங்க. முதல் 500 கிலோமீட்டர் வரைக்கும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீங்க, ஏத்தத்துல டாப் கியர்லயே இழுக்க விடாதீங்க. 500 ஆனதும் ஆயிலை முழுசா வடிச்சு, ஃபில்டரையும் மாத்திட்டு, புது 20டபிள்யூ-50 ஊத்துங்க.