சோலூரின் ஒற்றையடிப் பாதைகள்



உதகமண்டலத்திற்கு வடமேற்கே, தேயிலைத் தோட்டங்களுக்கும் புல்வெளிகளுக்கும் இடையில் சோலூர் என்னும் பேரூர் அமைந்துள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தால் ஓரிடத்தில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெட்டவெளி. ஏறத்தாழ 3,000 அடிக்குக் கீழே சீகூர்ப் பீடபூமியின் முட்காடும், அதற்கும் அப்பால் நிலத்தைக் கீறிக்கொண்டு ஓடும் மோயாற்றுப் பள்ளத்தாக்கும், அடிவானத்தில் மைசூர் நாட்டு மேட்டுநிலமும் தெரியும். தெளிந்த காலை வேளையில் அவ்விடத்தில் நின்றவர் எவரும் விரைவில் திரும்ப மனங்கொள்ளார்.

அந்த ஆற்றின் வழி விந்தையானது. முக்குருத்தி மலைச்சிகரத்தருகே பைக்காரா என்ற பெயரில் பிறக்கிறது. வடக்கே சென்று, பீடபூமியின் விளிம்பில் மேற்கே திரும்பி, அருவிகளாக வீழ்ந்து, மலையடியில் மோயாறு என்னும் பெயர் பெற்று, பிறகு கிழக்கே ஓடிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. நீலகிரியை மேற்கிலும் வடக்கிலும் அரைவட்டமாக அணைத்துச் செல்லும் ஆறு இது. இதன் நீரைக் கிளன்மார்கனிலிருந்து குழாய்வழியாகச் சிங்காராவுக்கு இறக்கி, 1932-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கோவையின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெருங்காரணம் என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

ஆனால் நான் இன்று பேச வந்தது ஆற்றைப் பற்றியன்று. அதைச் சூழ்ந்த மலைமீது கிடக்கும் பாதைகளைப் பற்றி.

நீலகிரிக்கு வழி கண்டவர் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் என்று சொல்வது வழக்கம். அவர் 1819-இல் ஏறினார். அவருக்கு முன்பே 1603-இல் மலையாளக் கரையிலிருந்து பெனிசியோ என்ற பாதிரியார் ஏறித் தோடர்களைக் கண்டு எழுதியிருக்கிறார். இருவரும் புது வழி கண்டவர்கள் அல்லர். இருந்த வழியில் நடந்தவர்கள். அவ்வழிகளை இட்டவர்கள் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகிய மலைமக்கள். சோலூரை ஒட்டியே கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்றான சோலூர்க் கோக்கால் இருக்கிறது. கோத்தர் இரும்புக் கருவி அடித்தனர், மட்கலம் வனைந்தனர், சடங்குகளுக்கு இசை தந்தனர். படகர் தானியம் விளைத்தனர். தோடர் எருமை வளர்த்து நெய் தந்தனர். கோக்காலுக்கும் ஹட்டிக்கும் மந்துக்கும் இடையே அரிவாளும் நெய்யும் தானியமும் போய்வந்த சுவடுகளே நம் ஒற்றையடிப் பாதைகள். பணப்புழக்கம் பெருகி அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றபின் பாதைகளும் பலவிடங்களில் மறைந்தன. மிச்சத்தைச் சீகை மரத் தோப்புகளும் தோட்டத்து வேலிகளும் மூடின.

பழைய பாதை ஒன்றைக் கண்டால் அதன் போக்கைக் கவனியுங்கள். அது பள்ளத்தின் அடியில் செல்லாது. அங்கே சதுப்பு இருக்கும்; பனிக்காலத்தில் குளிர்காற்று இறங்கித் தங்கி உறைபனி படியும். நேரே உச்சிக்கும் ஏறாது. அங்கே காற்று அடிக்கும். சரிவின் இடைப்பகுதியில், சோலைக்காட்டின் ஓரத்தை அணைந்தவாறு சுற்றிச் செல்லும். ஓடையைக் கடக்க வேண்டிய இடத்தில், கால் புதையாத கெட்டி நிலம் எதுவோ அங்கேதான் கடக்கும். எந்தப் பொறியாளரும் அளந்து இட்டதன்று. பல தலைமுறை மனிதரும் எருமைகளும் பிழைசெய்து, திருத்தி, மிதித்து இட்டது.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் பயிற்சி முடித்து வந்த இளம் ஆசிரியன். பதினான்கு மாணவர்களைப் புல்வெளி காட்ட அழைத்துச் சென்றேன். காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உணவுண்ட பின் திரும்பலாம் என எண்ணினேன். அதுவே முதற்பிழை. நண்பகலுக்குப் பின் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரும் என்பது சோலூர்க் குழந்தைக்கும் தெரியும்; சமவெளியில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரத்திற்குள் முன்னே செல்பவன் முதுகு பின்னே வருபவனுக்குத் தெரியவில்லை. பாதை தவறிவிட்டது.

வழி தவறினால் ஓடையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கு, ஊர் வந்துசேரும் என்று பயிற்சி முகாமில் கற்பித்திருந்தார்கள். நான் தலைமையாசிரியர்போல் கம்பீரமாக முன்னே நின்று, ஓடை ஒன்றைக் கண்டுபிடித்து, அனைவரையும் அதன்வழியே இறக்கினேன். சிறிது தூரம் சென்றதும் பின்னாலிருந்து ஒரு சிறுவன் மெல்லக் கூப்பிட்டான். படகர் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் வாய் திறவாதவன். கணக்கில் பின்தங்கியவன் என்று நானே பலமுறை கடிந்துகொண்டவன்.

“ஐயா, இந்தத் தண்ணீர் ஊருக்குப் போகாது. விழுந்துவிடும்” என்றான்.

நின்று செவிமடுத்தேன். ஓடையின் சலசலப்புக்கு அடியில், தொலைவிலன்று, மிக அருகில், ஆழமான ஓசை ஒன்று கேட்டது. நாங்கள் மலைவிளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பீடபூமியின் ஓரத்து ஓடைகள் ஊருக்கு வழிகாட்டுவதில்லை. பாறை முடியும் இடத்தில் அருவியாகின்றன. சமவெளிக்குப் பொருந்திய அறிவுரை இம்மலைவிளிம்பில் உயிரைக் குடிக்கும். பதினான்கு பெற்றோரின் முகங்கள் ஒருசேர என் கண்முன் வந்தன.

அப்பிள்ளைதான் எங்களைத் திருப்பினான். சரிவில் கையால் தடவி, புல்லில் ஆழப் பதிந்திருந்த எருமைத் தடத்தைக் கண்டான். மாலையில் எருமைகள் மந்துக்குத் திரும்பும். ஆதலால் தடம் மந்தில்தான் முடியும் என்றான். அவ்வாறே முடிந்தது. தோடர் பெரியவர் ஒருவர் எங்களைத் தீயருகே அமர்த்தி, சூடான மோர் தந்து, இருட்டுமுன் சாலைவரை கொண்டுவந்து விட்டார்.

இன்று இம்மலையில் நடக்க விரும்புவோர் அறியவேண்டியன வேறு சிலவும் உண்டு. சீகூர்ப் பீடபூமி யானைகளின் வழித்தடம். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்துவிட்டது. முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். ஆகவே விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பழந்தடங்களில் மனம்போனபடி செல்லுதல் ஆகாது. எனக்கு இதில் வருத்தமில்லை. நம் பாதையினும் யானையின் பாதை பழையது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்திற்குப் பின், மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞரையே வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆயினும், நம் ஹட்டிக்கும் அடுத்த ஹட்டிக்கும் இடையே கிடக்கும் சிறு பாதைக்கு அரசாணை ஒன்றும் வராது.

சுவிட்சர்லாந்தின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. ஆல்ப்சு மலைநாட்டினர் 1979-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, நடைபாதைகளுக்குத் தம் அரசியலமைப்பிலேயே இடமளித்தனர். இன்று அங்கே ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நடைவழிகள் மஞ்சள் பலகைகளுடன் பேணப்படுகின்றன. நாம் பலகை நடவேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம் மலையில் பலகையின் வேலையை இடப்பெயர்கள் செய்துவந்தன. எமனோ என்ற மொழியறிஞர் 1935 முதல் மூன்றாண்டுகள் இங்கிருந்து ஆராய்ந்து, தோடர் பாடல்களைத் தொகுத்து 1971-இல் வெளியிட்டார். அப்பாடல்களில் மலைக்கும் மந்துக்கும் ஓடைக்கும் பெயர் வந்துகொண்டே இருக்கும். பெயர் தெரிந்தவனுக்கு அது வரைபடம்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பாட்டனார், பாட்டியார் அருகில் அமருங்கள். சந்தைக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் எவ்வழியே நடந்தார்கள் என்று கேளுங்கள். எந்த ஓடை எங்கே விழுகிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்று இரவு விடுதிக்குத் திரும்பியபின் நான் அரசு வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நாங்கள் இறங்கிய ஓடை மெல்லிய நீலக்கோடாக இருந்தது, பெயர் இல்லை. மறுநாள் காலை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தயங்காமல் சொன்னான். கோட்டின்மேல் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.