கட்டாத வீட்டில் நடந்து பார்த்தல்



நம் ஊர்ப்பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கும்போது, கொத்தனார் நூல் பிடித்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார். வீட்டார் அக்கோடுகளுக்குள் நடந்து, இது கூடம், இது அடுப்படி என்று பார்ப்பர். "இவ்வளவு சிறியதா?" என்று வீட்டு அம்மையார் கேளாத நாளில்லை. சுவர் எழும்பிய பின்னரே மனம் அமைதியுறும்.

இன்று வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்கச் செல்லும் நமக்கு, விற்பனைக் கூடத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிவிடுகின்றனர். கடைக்கால் தோண்டுமுன்னரே பதினைந்தாம் மாடியில் நின்று ஏரியைக் காண்கிறோம். மெய்நிகர் காட்சி என்பது இதுவே. இதனைச் சுண்ணாம்புக் கோட்டின் பேத்தி எனலாம். பாட்டி உள்ளதையும் குறைத்துக் காட்டினாள். பேத்தியோ இல்லாததையும் சேர்த்துக் காட்ட வல்லவள்.

இக்கலை விற்பனைக்கென்று பிறந்ததன்று. 1968இல் ஐவன் சதர்லாண்டு என்பார் தலையில் அணிந்து பார்க்கும் கருவியொன்றை அமெரிக்காவில் அமைத்தார். 1980களில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் புரூக்ஸ் குழுவினர், தங்கள் துறைக்கென எழவிருந்த சிட்டர்சன் மண்டபத்தைக் கணிப்பொறிக்குள் முதலில் கட்டி, அதனுள் உலவிப் பார்த்தனர். முன்கூடத்துத் தடுப்புச் சுவரொன்று இடத்தை நெருக்குவதாக உணர்ந்தனர். வரைபடத்தில் புலப்படாத குறை நடந்தபோது புலப்பட்டது. சுவரும் தள்ளி அமைக்கப்பட்டது. செங்கல் அடுக்கியபின் இடிப்பதினும் இது எத்துணை எளிது!

கதிரவன் போக்கு, காற்று, வெப்பம் ஆகியவற்றையும் கணிப்பொறி இவ்வாறே கணக்கிட்டுக் காட்டும். ஆனால், நாம் எந்த ஊரை, எந்த நாளை, எந்த நேரத்தைக் கொடுக்கிறோமோ அதற்குரிய வெயிலையே அது காட்டும். பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்து நண்பகலில் கதிரவன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறான். ஜூன் 21இல் உச்சிக்குச் சுமார் 10 பாகை வடக்கே விலகுகிறான். டிசம்பரில் 36 பாகை தெற்கே சாய்கிறான். ஆகவே வடக்குச் சன்னலில் வெயிலே படாது என்னும் மேனாட்டுக் கணக்கு நமக்கு ஒவ்வாது. விற்பனைக் கூடத்துக் கண்ணாடியிலோ எந்நாளும் இளங்காலை! "ஏப்ரல் மாதம், மாலை நான்கு மணி, மேற்குப் படுக்கையறையைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

நம்மிடையே உள்ள ஒரு குடும்பத்தார் கண்ணாடிக்குள் மரக்கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து, ஊரில் நிலத்தை விற்று முன்பணம் கட்டினர். சாவி கைக்கு வந்தபோது சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர் நின்றது. பக்கத்து மனை பிறருடையது என்பதைக் கண்ணாடி சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி வரும் ஓசையும் அதனுள் கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, ரெரா என வழங்கும் சட்டத்தின் 12ஆம் பிரிவை நாம் அறிந்திருத்தல் வேண்டும். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கொடுத்தவர், அதிலுள்ள பொய்யால் இழப்புற்றால் ஈடு பெறலாம். விலக விரும்பினால் வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கண்ணுக்குள் கண்டதை எவ்வாறு மெய்ப்பிப்பது? காட்சியின் படங்களை நாளிட்டுக் கேட்டுப் பெறுங்கள். ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் அடங்கிய தரைப் பரப்பு எத்தனை சதுர அடி என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். நம் பிள்ளைகளில் சிலர் இத்தகைய மென்பொருள் எழுதுவோர். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சில கேள்விகள் அவர்களுக்கே தோன்றும்.

இக்கூடத்தின் பின்புறத் தரையில் பத்தடிக்குப் பதினோரடியாகச் சுண்ணக்கட்டியால் ஓர் அறை வரைந்து வைத்திருக்கிறோம். அளவு நாடாவும் அங்கே இருக்கிறது. உணவுக்குப் பின் உங்கள் கட்டிலையும் அலமாரியையும் அதற்குள் அளந்து பாருங்கள். கதவு திறக்கவும் இடம் விடுங்கள்.