கால்மிதிக்கு எத்தனை பெயர்?
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வீட்டுத் தரையில் அழகுக்காகப் போடுகிற சின்ன விரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் மனையியல் பாடத்துக்காக நாங்கள் எல்லோரும் ஒரு விரிப்புச் செய்தோம். பழைய சேலைகளைக் கீலம் கீலமாகக் கிழித்து, சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைக்க வேண்டும். அம்மாவின் நீலச் சேலையும் அம்மம்மாவின் மண்ணிறச் சேலையும் சேர்ந்த என்னுடையதை ரீச்சர் கண்காட்சி மேசையில் வைத்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் கிடந்த அந்த விரிப்பு, பின்னர் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கும் எங்களோடு வந்து, அம்மாவின் கட்டிலடியில் இடம்பிடித்தது.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது புதுக்கடையில் படித்த எங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் புதுக்கடை என்பதைச் சிங்களத்தில் அலுத்கடே என்கிறார்கள், பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் மட்டும் அது ஹல்ஸ்டொப். 1656இல் கொழும்பு முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் வந்தது. மூன்று பெயரில் எதைச் சொன்னாலும் ஓட்டோக்காரர் நீதிமன்றத்தடியில்தான் இறக்கிவிடுவார்.

விரிப்பின் கதை அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் பனையோலையில் இழைத்த சிறிய பாய் தடுக்கு. மட்டக்களப்பில் பன் என்ற புல்லில் இழைப்பது பன்பாய். சிங்களத்திலும் அந்தப் புல்லுக்குப் பன் என்றே பெயர். வாசலில் போடுவது கால்மிதி, தும்பில் செய்தால் தும்புக் கால்மிதி. முஸ்லிம் தோழியர் வீட்டில் தொழுகைக்கு விரிப்பது முசல்லா. கடைக்காரர் மெட் என்பார். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ரக் என்பார்கள். காபட் என்று சொன்னாலோ, இன்று பாதிப்பேருக்கு நினைவில் வருவது காபட் வீதிதான். கம்பளம், தரைவிரிப்பு என்பவை புத்தகத்தில் இருக்கின்றன. வீட்டுக்குள் அவற்றை அதிகம் கேட்டதில்லை.

இதை நான் கிளினிக்கில்தான் கற்றுக்கொண்டேன். வயதானவர்கள் விழாமல் இருக்க அவர்களிடம் சில கேள்விகள் கேட்போம். பார்வை எப்படி, இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், நித்திரைக் குளிசை எடுக்கிறீர்களா, வீட்டில் தரைவிரிப்பு உண்டா? கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் “இல்லை” என்பார்கள். நானும் “இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைப்பேன்.

அம்மாவிடமும் ஒருநாள் கேட்டேன். “எங்கட வீட்டில கம்பளம் எங்க பிள்ளை இருக்கு? அதெல்லாம் பெரிய பங்களாவில” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் பின்னிய விரிப்பு எங்கள் இருவருக்கும் இடையில்தான் கிடந்தது. அம்மாவுக்கு அது “பிள்ளை செய்த பாய்”. எனக்கும் அது கம்பளமாகத் தெரியவில்லை.

சில மாதங்களின் பின், விடியற்காலையில் குளியலறைக்குப் போக எழும்பிய அம்மாவின் கால்விரல் அந்தப் பின்னலின் ஓரத்தில் மாட்டியது. பளபளக்கும் ரைல்ஸ் தரையில் விரிப்பு வழுக்க, அம்மா பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை, பல வாரக் கட்டில், பிறகு வோக்கர். மற்றவர்களின் தாய்மாருக்கு அறிவுரை சொல்கிற எனக்கு, அந்த நாட்களில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விழுதல் சின்ன விஷயமல்ல. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைவதால், ஒரு சிறு தடுக்கலும் எங்களுக்குப் பெரிய முறிவாகிவிடும்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் பழைய வழக்கத்திலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. பாயை விடிந்ததும் சுருட்டி மூலையில் வைத்தோம். விருந்தாளி எழுந்து போனதும் தடுக்கை எடுத்து வைத்தோம். முசல்லாவைத் தொழுகை முடிந்ததும் மடித்து வைக்கிறார்கள். அழகுக்காகப் போடும் விரிப்பு மட்டும் இரவும் பகலும் நடக்கிற வழியிலேயே கிடக்கிறது.

எனவே இன்று வீட்டுக்குப் போனதும் நான்கு காரியம் செய்யுங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரையுள்ள வழியில் எந்த விரிப்பும் வேண்டாம். படிக்கட்டின் தலைப்பிலும் வேண்டாம். போட்டே ஆகவேண்டுமானால் அடியில் இறப்பர் உள்ளதாக, ஓரம் சுருளாததாகப் பார்த்துப் போடுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஆசையாக வாங்கிய அழகான விரிப்பு என்றால் சுவரில் மாட்டுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் தறியில் நெய்கிற தும்பறைப் பாய்களை எத்தனையோ வீடுகளில் சுவரில்தானே மாட்டியிருக்கிறார்கள்!

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழியருக்கும் ஒன்று. அம்மாவுடன் வீடியோவில் பேசும்போது “கம்பளம் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். “காலில் தட்டுப்படுகிற மாதிரி நிலத்தில் என்ன கிடக்குது, காட்டுங்கோ” என்று கேளுங்கள். நானும் இப்போது கிளினிக்கில் அப்படித்தான் கேட்கிறேன். பாய், மெட், பழைய சாக்கு, மடித்துப் போட்ட துவாய் என்று பதில்கள் வருகின்றன. “இல்லை” என்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அந்த விரிப்பை வீச எனக்கு மனம் வரவில்லை, அம்மாவும் விடவில்லை. இப்போது அது அவருடைய சாய்மனைக் கதிரையின் முதுகில் கிடக்கிறது. இந்தப் பாடசாலையின் பழைய மாணவியான அம்மா இன்று கைத்தடியோடு முன்வரிசையில் இருக்கிறார். கூட்டம் முடிந்து எழும்பும்போது, மேடைக்கு முன்னால் விரித்திருக்கும் இந்தச் சிவப்பு விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் பார்த்து நடக்கும்படி அவரையும் உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.