ஐதர் ஆர் சர்வைவர்

(சென்ற மாதம் நமது கம்யூனிட்டி ஹாலில் நடந்த மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா வீட்டைப் பூட்டிட்டு ஊர் சுத்துறீங்களே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று நம் செயலாளர் கேட்டார். எந்தெந்த ஊர் பார்த்தோம், எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் இப்போது உங்கள் பேரக்குழந்தைகளே செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் நாங்கள் பட்ட அவஸ்தைகளை மட்டும் சொல்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. நாங்களும் இப்போது சிரிக்கிறோம். ஒன்றைத் தவிர.

நான் 2017-ல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றேன். கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே வெளியே வந்தவன். வேலையில் இருந்தவரை எங்கே போனாலும் பத்து நாளில் திரும்பி கவுன்டரில் உட்கார வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கவலை இல்லை. 2018 முதல் இதுவரை ஐந்து நீண்ட பயணங்கள் போயிருக்கிறோம். குறைந்தது 38 நாள், அதிகம் 94 நாள். நடுவில் கொரோனா இரண்டு வருடம் எல்லோரையும் போல எங்களையும் வீட்டில் உட்கார வைத்தது.

முதல் பயணத்தில் வேலையை நான் பிரித்துக்கொண்ட விதத்தைக் கேளுங்கள். டிக்கெட், பணம், ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், ரூம் புக்கிங், மாத்திரை, எல்லாம் என் தோள் பையில். மனைவியிடம் இருந்தது இட்லிப் பொடி, ஊறுகாய், துணிமணி. ஒரு பையில் எல்லாம் இருந்தால் தொலையாது என்பது என் கணக்கு. அவளுக்கும் சிரமம் வைக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

முதல் அடி போபாலில். அங்கிருந்து மதுராவுக்கு ரயில். டிக்கெட்டில் பிப்ரவரி 12, நேரம் 0.15 என்று இருந்தது. 11-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, பன்னிரண்டே கால்னா இன்னைக்கு ராத்திரியா, நாளைக்கு ராத்திரியா?" நான் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் மேற்கோள். "முப்பத்தேழு வருஷம் தேதி சீல் குத்தினவன்கிட்ட தேதி கேக்கறியா? பேசாம தூங்கு."

மறுநாள் நிதானமாகச் சாஞ்சி ஸ்தூபியைப் போய்ப் பார்த்தோம். இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் வந்ததும் எங்கள் பெர்த்தில் படுத்திருந்தவரை நான் எழுப்பினேன். டிடிஇ வந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி நேத்தே போயிடுச்சு" என்றார். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும். 12-ஆம் தேதி 0.15 வண்டிக்கு 11-ஆம் தேதி இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அந்த வண்டியை விட்டு இறங்கி, விடிந்ததும் பொதுப் பெட்டியில் மதுராவுக்குப் போனோம். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவளுக்குச் சரியான சந்தேகம் வந்தது என்பதுதான். ஆனால் டிக்கெட் அவள் கையில் இல்லை, பார்த்ததும் இல்லை. பார்த்திருந்தால் என்னை விடச் சரியாகக் கணக்குப் போட்டிருப்பாள்.

இரண்டாவது காசியில். தசாசுவமேத கட்டத்தில் மாலை கங்கை ஆரத்தி பார்க்கப் போனோம். கூட்டம் கலையும்போது கையை விட்டுவிட்டோம். அவள் போன் ரூமில் சார்ஜில் கிடந்தது. என் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. நமக்கெல்லாம் யார் நம்பர் இப்போது மனப்பாடம்? லாட்ஜ் பெயரும் தெரியாது. நான்தான் புக் செய்தேன், நான்தான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். ஹிந்தியும் தெரியாது. நான் வங்கியில் பிராக்யா பரீட்சை பாஸ் செய்தவன். ஆனால் அந்த ஹிந்தி அப்போது என்னோடு கூட்டத்தில் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? நம் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூஜைப் பொருட்களை எடுத்துக்கொண்டு "சம்போ, சம்போ" என்று சொல்லியபடி தினமும் போவார்கள். காசிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சந்தில் அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவர்கள் பின்னாலேயே போய், திரும்பும்போது கூடவே சத்திரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று மதியம் நாங்கள் சாப்பிட்ட இடம் அது. "அவருக்கும் எனக்கும் தெரிஞ்ச ஒரே இடம் இதுதான், எப்படியும் வருவார்னு உக்காந்துட்டேன்" என்றாள். நான் கோதௌலியா முழுக்க அலைந்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போனேன். அவளைத் திட்டப் போனவன், அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மூன்றாவதுதான் நான் சிரிக்காதது.

2019 ஜூன். டெல்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் போனோம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் உடம்பு அந்த உயரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே காற்று மெலிந்து, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. அதனால் முதல் இரண்டு நாள் ரூமிலேயே ஓய்வெடுக்க வேண்டும். படித்திருந்தேன். ஆனால் எனக்கு அப்போது 62 வயது, தினமும் நம் வளாகத்தில் பத்துச் சுற்று நடக்கிறவன் என்ற திமிர். வந்த அன்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறினேன். மறுநாள் லே அரண்மனை. தலைவலி முதல் நாளே தொடங்கிவிட்டது. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று மறைத்தேன்.

இரண்டாவது நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சு விட முடியவில்லை. இருமல். பேச்சு குழறியது. மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. அவள் சொல்லித்தான் தெரியும்.

அவள் போன் ப்ரீபெய்டு. அப்போது வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யவில்லை. என்னுடையது போஸ்ட்பெய்டு, வேலை செய்யும். ஆனால் பூட்டியிருக்கிறது. என் கட்டை விரலைப் பிடித்துப் போனில் வைத்துத் திறந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேரிடம் அப்படி விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கியவன் நான். அன்று என் விரலை அவள் பிடித்தாள். போன் திறந்தது. மற்றது எதுவும் திறக்கவில்லை. ஏடிஎம் கார்டு பையில் இருந்தது, பின் நம்பர் என் தலைக்குள் இருந்தது. கணக்கு என் ஒருவன் பெயரில். அவள் சுருக்குப் பையில் 340 ரூபாய்.

அவள் கீழே ஓடிப் போய் விடுதிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு லடாக்கி தெரியாது. மூச்சு வாங்குவது போல நடித்துக் காட்டினாளாம். ஐந்து நிமிஷத்தில் அவரும் அவர் மகனும் என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள். மருத்துவமனையில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு எழுபதுக்குக் கீழே. நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என் மாத்திரை டப்பாவை அவள் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். திங்கள், செவ்வாய் என்று ஏழு அறை கொண்ட டப்பா. அட்டையை எல்லாம் ஊரிலேயே உரித்துப் போட்டுவிட்டு, மாத்திரைகளை மட்டும் அழகாக அடுக்கியிருந்தேன். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு பாதி. பெயர் எதிலும் இல்லை. "பிபிக்கு, சுகருக்கு" என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளை அந்த இடத்தில் விழிக்க வைத்தது என் ஒழுங்கு.

ஊரிலிருக்கும் மகனை என் போனில் அழைத்து, அவன் எங்கள் டாக்டரை எழுப்பிக் கேட்டுச் சொன்னான். வெளியே வாங்க வேண்டிய மருந்துக்கு விடுதிக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்தார். மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பாங்காங் ஏரி, கர்துங் லா எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு டெல்லிக்கு இறங்கினோம். கடனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

நண்பர்களே, வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். சேஃபுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீசரிடம், ஒன்று கேஷியரிடம். இருவரும் வந்தால்தான் திறக்கும். பணத்துக்கு அது சரி. ஆனால் கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தொடங்க வந்தால் நாங்கள் சொல்வது "ஐதர் ஆர் சர்வைவர்" போடுங்கள் என்று. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு. கவுன்டரில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்! என் கணக்கில் நாமினேஷன் மட்டும் பக்காவாக இருந்தது. நாமினேஷன் செத்த பிறகுதான் உதவும். உயிரோடு மயங்கிக் கிடக்கிறவனுக்கு அது உதவாது. அந்த வாசகத்தில் கடைசி வார்த்தைக்கு நாம் எல்லோரும் ஏற்பாடு செய்து வைக்கிறோம். முதல் வார்த்தையை மறந்துவிடுகிறோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கணக்கை ஜாயின்டாக மாற்றினேன். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஐதர் ஆர் சர்வைவர் கணக்கில் இருவருக்கும் தனித்தனிக் கார்டு கிடைக்கும். அவளுக்கு அவள் கார்டு, அவள் பின். இருவர் பையிலும் ஆளுக்கொரு சின்ன நோட்டு. அதில் மாத்திரைப் பெயர், அளவு, டாக்டர் நம்பர், மகன் நம்பர், அன்று தங்கும் இடத்தின் விலாசம். மாத்திரையை அட்டையோடுதான் எடுத்துப் போகிறோம். எந்த ஊரில் இறங்கினாலும், தவறிப் போனால் சந்திக்கும் இடம் இது என்று முதலில் பேசிக்கொள்கிறோம். டிக்கெட்டை இருவரும் சத்தமாகப் படிக்கிறோம்.

வெளியூரில் திருந்தினோமே தவிர, உள்ளூரில் திருந்தவில்லை. அது எங்கள் லைனில் இருக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2022 டிசம்பரில் நாங்கள் துவாரகையில் இருந்தபோது எங்கள் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையர் ட்யூப் கழன்று, தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து, கீழ் வீட்டு சீலிங் ஊறிவிட்டது. சாவி இரண்டு. ஒன்று என் பையில், ஒன்று அவள் பையில். இரண்டும் துவாரகையில். மொட்டை மாடியில் வால்வை மூடியதால் எங்கள் லைனில் நாலு வீட்டுக்கு ஒன்பது மணி நேரம் தண்ணீர் இல்லை. கடைசியில் வீடியோ காலில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பூட்டை உடைத்தார்கள். கீழ் வீட்டு அம்மா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டிய மன்னிப்பை இன்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எங்கள் மூன்றாவது சாவி அவரிடம்தான் இருக்கிறது. கிளம்பும்போது வீட்டுத் தண்ணீர் வால்வையும் கேஸையும் மூடிவிட்டு, எந்தத் தேதி வரை இருக்க மாட்டோம் என்று அசோசியேஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

நீங்கள் பயணம் போகிறீர்களோ இல்லையோ, இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் பேச முடியாமல் கிடந்தால், உனக்கு என்ன தெரியும்?" இருவரும் கேட்க வேண்டும். நான் கேட்டபோது, அவளுடைய தைராய்டு மாத்திரை எத்தனை மைக்ரோகிராம் என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் குவாஹாட்டி, ஷில்லாங், சிரபுஞ்சி பக்கம் கிளம்புகிறோம். இந்த முறை ரயில் டிக்கெட் முழுக்க அவளே புக் செய்திருக்கிறாள். "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். "இருபத்து மூணு ஐம்பதுக்குங்க. உங்களுக்காகவே தேதி மாறாத வண்டியாப் பாத்துப் போட்டிருக்கேன்" என்றாள்.