நெல் விற்கும் நாடும் நெல் வாங்கும் நாடும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் வியட்நாமையும் பிலிப்பைன்ஸையும் ஒப்பிட்டு ஆற்றப்பட்ட சொற்பொழிவின் சுருக்கம்)



ஆசியாவின் முன்னேற்றம் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் யப்பானையோ சிங்கப்பூரையோ எடுத்துக்காட்டுவர். அந்நாடுகளை நாம் அண்ணாந்து பார்க்கலாம். பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பது கடினம். ஆகவே நம்மைப்போல் நெல்லை விதைத்து, நெல்லை உண்டு, அந்நியர் ஆட்சியையும் போரையும் கண்டு எழுந்த இரு நாடுகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வியட்நாம், மற்றது பிலிப்பைன்ஸ். தென்சீனக் கடலின் மேற்கே ஒன்றும் கிழக்கே மற்றதுமாக இருக்கும் இவ்விரண்டும் பரப்பிலும் சனத்தொகையிலும் ஏறத்தாழ ஒத்தவை. இரண்டிலும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர்.

ஒரு புதிரிலிருந்து தொடங்குவோம். 1960ஆம் ஆண்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பான்யொஸ் என்னும் ஊரில் நிறுவப்பட்டது. நம் கமக்காரரும் பெயரறிந்த ஐ.ஆர். 8 என்னும் நெல்லினம் 1966இல் அங்கிருந்தே உலகுக்கு வழங்கப்பட்டது. அந்த நெல்லை வியட்நாமியர் தங்கள் பயிர்த்தொழிற் கடவுளின் பெயரிட்டு அழைத்தனர். இன்றைய நிலை யாது? 2024இல் வியட்நாம் ஏறத்தாழ 90 இலட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் 45 இலட்சம் தொன்னுக்கு மேல் இறக்குமதி செய்தது. அதிற் பெரும்பகுதி வியட்நாமிலிருந்து வந்தது. விதை பிறந்த வீட்டில் சோறு போதாமற் போனது ஏன்?

இயற்கையின் பங்கை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். வியட்நாமின் தெற்கே மீகாங் ஆறும் வடக்கே செவ்வாறும் வண்டல் கொணர்ந்து பரப்பிய பெருஞ் சமவெளிகள் உண்டு. பிலிப்பைன்ஸோ 7,600க்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 சூறாவளிகள் அதன் எல்லைக்குள் நுழைகின்றன. 2013 நவம்பரில் வந்த ஒரு சூறாவளி மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்டது. ஆயினும் இயற்கை மட்டுமே காரணமென்றால், அதே ஆறுகளும் அதே வண்டலும் இருந்த வியட்நாமில் 1988இன் முற்பகுதியில் வட மாகாணங்கள் பட்டினி கிடந்ததேன்? அடுத்த ஆண்டே அந்நாடு பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது எவ்வாறு? ஓராண்டில் ஆறு மாறவில்லை; மண் மாறவில்லை. மாறியது கமக்காரனுக்கும் மண்ணுக்கும் இடையிலிருந்த உறவு.

நிலம் யாருக்கு?

வடவியட்நாமில் 1953 முதல் 1956 வரை நடந்த நிலச்சீர்திருத்தம் இரத்தக் கறை படிந்தது. குற்றமற்ற பலர் நிலப்பிரபுக்களென முத்திரை குத்தப்பட்டு மாண்டனர். 1956இல் ஹோ சி மின் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார். கட்சியின் பொதுச்செயலாளர் பதவி விலகினார். பின்னர் வயல்களெல்லாம் கூட்டுப்பண்ணைகளாயின. "பொதுத் தகப்பனுக்கு அழுவாரில்லை" என்பது அந்நாட்டுப் பழமொழி. பொது வயலுக்கும் அதுவே நேர்ந்தது. மணியடித்தபின் வயலுக்குப் போய், மணியடிக்குமுன் திரும்புவது வழக்கமாயிற்று. 1975இல் போர் முடிந்தபின் தெற்கிலும் அதே முறையைப் புகுத்த முயன்றபோது விளைச்சல் தளர்ந்தது. 1986இல் பொருள்களின் விலை ஓராண்டில் எழுநூறு சதவீதத்துக்கு மேல் ஏறிற்று.

அரசு மெல்ல மெல்ல வழிமாறிற்று. 1981இல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் பொறுப்பளிக்கப்பட்டு, குறித்த அளவுக்கு மேல் விளைவதை அக்குடும்பமே வைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. 1986 டிசெம்பரில் "தொய் மொய்" எனப்படும் புதுப்பித்தற் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1988 ஏப்ரலில் வந்த பத்தாம் இலக்கத் தீர்மானம் குடும்பத்தையே பயிர்ச்செய்கையின் அடிப்படையாக ஏற்றது. 1993ஆம் ஆண்டின் காணிச்சட்டம் நெற்காணியை 20 ஆண்டுக்கு அனுபவிக்கவும், கைமாற்றவும், பிள்ளைகளுக்கு விடவும், ஈடு வைக்கவும் உரிமை தந்தது. 2013இல் அந்தக் காலவெல்லை 50 ஆண்டாயிற்று. விளைந்தது தனக்கே என்று கண்ட கமக்காரன் இரவிலும் நீர் கட்டினான்.

பிலிப்பைன்ஸில் நடந்தது வேறு. ஸ்பானியர் மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆண்டு விட்டுச்சென்ற பெருந்தோட்டங்களும் வாரக்குடி முறையும், அமெரிக்கர் ஆட்சிக்குப் பின்னும், 1946இல் சுதந்திரம் வந்த பின்னும் நிலைத்தன. 1972இல் மார்க்கோஸ் நெல், சோள நிலங்களுக்குச் சீர்திருத்தக் கட்டளை பிறப்பித்தார். 1988இல் கொராசன் அக்கினோ ஆட்சியில் விரிவான சட்டம் வந்தது. பல இலட்சம் ஏக்கர் பகிரப்பட்டது உண்மையே. ஆனால் அச்சட்டத்தில் ஒரு புழைவாயில் இருந்தது: நிலத்துக்குப் பதிலாகக் கம்பனிப் பங்குகளைக் கொடுத்தாலும் போதும் என்றது அது. சனாதிபதியின் சொந்தக் குடும்பத்தாருடைய, 6,000 ஹெக்டயருக்கு மேற்பட்ட லூயிசீத்தா கரும்புத் தோட்டம் அவ்வழியே தப்பிற்று. 2004இல் அங்கே வேலைநிறுத்தம் செய்தோரில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிலத்தைப் பகிர்ந்தளிக்குமாறு உயர் நீதிமன்றம் முடிவாகக் கட்டளையிட்டது 2012இலேயே. நிலம் பெற்றவர்களும் அதன் விலையைத் தவணையாகக் கட்டமாட்டாது கடனில் மூழ்கினர். ஆறு இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் அக்கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2023இல் வந்தது. 1972இல் தொடங்கிய வேலை 2023 வரை இழுபட்டதென்றால், இடையில் ஒரு தலைமுறை வயலைவிட்டுப் போய்விட்டது.

கற்றவர் எங்கே?

வோ தொங் சுவான் என்னும் வியட்நாமிய அறிஞர் லொஸ் பான்யொஸ் நிலையத்தில் நெல் ஆராய்ச்சி பயின்றவர். 1971இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் நாடு திரும்பி மீகாங் சமவெளியிலுள்ள கான் தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நம் கமக்காரர் அறக்கொட்டி என்றழைக்கும் கபில நிறத் தத்தி அங்கே வயல்வயலாக அழித்தது. அதைத் தாங்கவல்ல ஐ.ஆர். 36 இனத்தின் சிறிதளவு விதையை அவர் பெருக்கினார். பல்கலைக்கழக வகுப்புகளை மூடுவித்து, மாணவரை விதையோடு கிராமங்களுக்கு அனுப்பி, கமக்காரருடன் சேர்ந்து நடச் செய்தார். மணிலாவில் வழங்கப்படும் மக்சேசே விருது 1993இல் அவருக்குக் கிடைத்தது. விதை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. பாராட்டும் அங்கிருந்தே வந்தது. பயன் வியட்நாமியனின் களஞ்சியத்தை நிறைத்தது.

பிலிப்பைன்ஸிலும் அறிஞருக்குக் குறைவில்லை. ஆனால் 1974இன் தொழிற்சட்டம் முதற்கொண்டு மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதே அரசின் கொள்கையாயிற்று. அந்நாட்டுத் தாதியர் இல்லாத பெரு நகரமோ, மாலுமியர் இல்லாத பெருங்கடலோ அரிது. 2024இல் அவர்கள் வங்கிகள் மூலம் அனுப்பிய பணம் 3,400 கோடி டொலருக்கு மேல். அப்பணத்தால் எத்தனையோ வீடுகளுக்கு ஓடு வேயப்பட்டது. எத்தனையோ பிள்ளைகள் படித்தனர். அதை இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. அதன் விலையையும் மறக்கலாகாது. 1995இல் சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணொருத்தி தூக்கிலிடப்பட்டபோது அந்நாடு முழுவதும் துக்கத்தாலும் சினத்தாலும் கொதித்தது. அதே ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளரைக் காக்கச் சட்டமும் வந்தது. வியட்நாமும் இத்துயருக்கு விலக்கன்று. 2019இல் இங்கிலாந்தில் ஒரு பாரவண்டிக்குள் மூச்சடைத்து மாண்ட 39 பேரும் வியட்நாமியரே.

1990இல் தலைக்குரிய வருமானத்தில் பிலிப்பைன்ஸ் வியட்நாமைப்போற் பல மடங்கு உயர்ந்திருந்தது. 2020 அளவில் வியட்நாம் முந்திற்று. 2024இல் வியட்நாமின் ஏற்றுமதி 40,000 கோடி டொலரைத் தாண்டியது. பிலிப்பைன்ஸின் பொருள் ஏற்றுமதி 7,300 கோடி அளவே. வியட்நாமின் ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்நியக் கம்பனிகளுடையது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிலிப்பைன்ஸ் தன் ஆங்கிலத்தைக் கொண்டு தொலைபேசிச் சேவை நிலையங்களிலும் அவைபோன்ற தொழில்களிலும் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுக்கிறது. ஆயினும் பள்ளிக்கூட அத்திவாரத்தில் வேற்றுமை பெரிது. 15 வயது மாணவருக்கு 2022இல் நடந்த பீசா எனப்படும் சர்வதேசக் கணிதப் பரீட்சையில் வியட்நாம் 469 புள்ளியும் பிலிப்பைன்ஸ் 355 புள்ளியும் பெற்றன.

வழிப்போக்கன் காண்பவை

இரு நாடுகளிலும் பயணம் செய்பவன் இவ்வேற்றுமைகளைக் கண்ணாலே காணலாம். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகர் வரை 1,726 கிலோமீற்றர் நீளமுள்ள புகையிரதப் பாதை 1936இல் முடிக்கப்பட்டது. போர்களில் துண்டுதுண்டான அப்பாதை 1976 டிசெம்பர் 31இல் மீண்டும் இணைந்தது. முப்பது மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் சாளரத்துக்கு வெளியே வயல் ஓய்வதில்லை. நடுவழியில் தானாங் நகருக்குத் தென்மேற்கே மை சன் என்னுமிடத்தில் சம்பா மன்னர் சிவபெருமானுக்கு எடுப்பித்த கோயில்கள் உள. 1969இல் அமெரிக்கக் குண்டுகள் அவற்றிற் பலவற்றைச் சிதைத்தன. 2020இல் திருத்தவேலையின்போது மணற்கல்லாலான சிவலிங்கமொன்று வெளிப்பட்டது. ஹோ சி மின் நகரில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர் வழிபடுகின்றனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மீகாங் நெற்செய்கைக்குக் கடன் கொடுத்தோரில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் இருந்தனர் என்பதை நினைத்துக்கொண்டே அக்கோயிலுக்குள் நுழையவேண்டும்.

பிலிப்பைன்ஸில் கடலே பாதை. 1987 டிசெம்பரில் தோன்யா பாஸ் என்னும் பயணிகள் கப்பல் எண்ணெய்க் கப்பலொன்றுடன் மோதி எரிந்ததில் 4,000 பேருக்கு மேல் மாண்டனர். அனுமதித்த தொகையினும் மிகப் பலரை அது ஏற்றியிருந்தது. 2003 முதல் தீவுகளை இணைக்கும் வள்ளச்சேவைப் பாதை பயணத்தை எளிதாக்கியுள்ளது. லூசோன் தீவின் வடமலைகளில் இபுகாவோ மக்கள் மலைச்சரிவிற் படிப்படியாக வெட்டிய நெல்வயல்கள் 1995இல் உலக மரபுரிமையாகப் பதிவாயின. இளைஞர் நகரங்களுக்குப் போக, வரம்புகள் இடியத் தொடங்கின. 2001இல் அவை ஆபத்திலுள்ளவையெனக் குறிக்கப்பட்டு, திருத்தங்களின் பின் 2012இலேயே அப்பட்டியலிலிருந்து நீங்கின. இத்தனை அழகிருந்தும் 2024இல் பிலிப்பைன்ஸுக்குச் சென்ற பயணிகள் 60 இலட்சத்துக்கும் குறைவு. வியட்நாமுக்குச் சென்றோர் ஏறத்தாழ ஒரு கோடியே 75 இலட்சம். போக்குவரத்தும் ஒழுங்கும் வருமானமாகும் என்பதற்கு இது சான்று.

வாய்க்கும் உரிமை வேண்டும்

இவ்வளவும் கேட்டவர்கள், வியட்நாம் வழியே நமக்கும் வழியென்று நான் சொல்லப்போவதாக எண்ணலாம். அவ்வாறன்று.

வியட்நாமில் ஒரு கட்சியே உண்டு. அதை எதிர்த்து எழுதும் பத்திரிகை இல்லை. நிலம் சட்டப்படி இன்னும் அரசின் கையில். 2012இல் ஹைபோங் நகருக்கு அண்மையிலுள்ள தியென் லாங்கில் ஒரு குடும்பம் தான் உழைத்துத் திருத்திய மீன்பண்ணையை அதிகாரிகள் பறிக்க வந்தபோது ஆயுதம் தூக்கிற்று. வெளியேற்றம் சட்டவிரோதமென்று பிரதமரே பின்னர் கூறினார். ஆயினும் குடும்பத் தலைவர் சிறை சென்றார். முறையிட வாயில் இருந்திருந்தால் துவக்கு எதற்கு? மத்திய மேட்டுநிலத்துச் சிறுபான்மையோர் 2001இலும் 2004இலும் தம் நிலத்துக்காகவும் சமயத்துக்காகவும் எழுந்தபோது அடக்குமுறையே விடையாயிற்று.

பிலிப்பைன்ஸில் மக்கள் 1986இல் ஆயுதமின்றித் தெருவில் நின்று சர்வாதிகாரியை விரட்டினர். அங்கே பத்திரிகைகள் பேசுகின்றன. அதற்காக உயிரும் கொடுக்கின்றன: 2009இல் மகிந்தனாவோவில் ஒரே நாளில் கொலையுண்ட 58 பேரில் 32 பேர் பத்திரிகைத் தொழிலினர். குடும்ப அரசியலை 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் தடை செய்கிறது. அதைச் செயற்படுத்தும் பொறுப்பு விடப்பட்ட பாராளுமன்றமோ குடும்பங்களால் நிறைந்தது. எனினும் நம்மவர் உற்றுநோக்கவேண்டிய ஒன்று அங்கே நடந்தது. மிந்தனாவோவின் முஸ்லிம்களான மோரோ மக்கள் பல்லாண்டுகள் போரிட்டபின், 1976, 1996, 2014 என மூன்று ஒப்பந்தங்களைத் தாண்டி, 2018இல் சட்டமும் 2019இல் மக்கள் வாக்கெடுப்பும் மூலம் பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசத்தைப் பெற்றனர். தேசிய வரி வருமானத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் அதற்கு உரியது. முதலாவது தேர்தல் 2022இலிருந்து பலமுறை பின்போடப்பட்டது குறையே. ஆயினும் தன்னாட்சி கொடுத்ததால் அந்நாடு பிளவுபட்டுவிடவில்லை.

ஆகவே அன்பர்களே, வியட்நாமியனுக்கு வயலில் ஒரு பிடிமானம் கிடைத்தது, வாய்க்குக் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் குடிமகனுக்கு வாய்க்கு உரிமை கிடைத்தது. வயலில் அது அரை நூற்றாண்டு தாமதித்தது. ஒன்று இல்லாதபோது மற்றதும் பாதியாகிவிடுகிறது. பேசமுடியாதவனின் நிலத்தை அதிகாரி எடுத்துக்கொள்வான். நிலமில்லாதவனின் வாக்கை நிலப்பிரபு எடுத்துக்கொள்வான்.

நம் நாட்டிலும் 1958இல் நெற்காணிச் சட்டம் வந்தது. வாரக்குடிக்கு அது வாக்களித்த பாதுகாப்பு எவ்வளவு கைக்கெட்டியது என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுப்பப்பட்டோருள், போர் ஓய்ந்து 15 ஆண்டுகள் சென்றபின்னும் தம் வரம்பில் காலூன்ற முடியாதவர் இருக்கின்றனர். நம் பிள்ளைகளும் கப்பலேறுகின்றனர். அவர்கள் அனுப்பும் காசில் நாமும் வாழ்கிறோம்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கான் தோவின் ஆசிரியர் மாணவரை வயலுக்கு அனுப்பியதுபோல், உங்கள் கல்வியில் ஒரு பங்கை இந்த மண்ணில் விதையுங்கள். கமக்காரர்களே, உங்கள் காணியின் உறுதியை எவ்வளவு கவனமாகப் பெட்டியில் வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவு கவனமாக உங்கள் வாக்கையும் வைத்திருங்கள். காணி உரிமையைக் கேட்கும்போது பேச்சுரிமையை மறவாதீர்கள். பேச்சுரிமை கேட்போர் காணியில்லாதவனை மறவாதிருக்கட்டும்.