ஏழாம் நாள் ஊசி

(மருத்துவமனைப் பங்காளர்களின் கூடுகையில், மரக்காணத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ராணுவ ஹவில்தார் ஒருவர் ஆற்றிய உரை)



"ஓய்வு பெற்ற பிறகு வாரம் முழுவதும் என்னதான் செய்கிறீர்கள்? அதைப்பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று டாக்டர் அம்மா கேட்டுக்கொண்டார்கள். நான் பேச்சாளன் அல்ல. ராணுவத்தில் 22 வருடங்கள் நாய்களோடு பேசிப் பழகியவன். குறைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போனவர்கள் எங்கள் ஊர் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உப்பைக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். தை, மாசியில் தொடங்கும் வேலை ஐப்பசி மழை வரைக்கும்தான். வெயில் ஏறும் முன் வாரி முடிக்க வேண்டும் என்பதால், பொழுது விடியும் முன்பே ஜனங்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. இந்த ஒரு காரியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனாரும் உப்பளத்தில் வேலை செய்தவர்தான். 1971-ல் எனக்குப் பதினொரு வயது, என் தம்பிக்கு ஏழு வயது. சித்திரை மாதத்தில் ஒரு தெருநாய் அவன் கையில் கடித்துவிட்டது. அக்காலத்தில் தொப்புளைச் சுற்றி நாளுக்கொரு ஊசியாக 14 ஊசிகள் போடுவார்கள். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, நான்கு நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்தாம் நாள் போகவில்லை. உப்பு நன்றாக விளைந்திருந்த சமயம். வீட்டில் அரிசி இல்லை. "காயம்தான் ஆறிவிட்டதே" என்றார். ஆனி மாதத்தில் ஒரு நாள் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தபோது, தம்பி அதைப் பார்த்து அலறினான். மூன்றாம் நாள் இறந்துபோனான்.

என் தகப்பனாரை நான் குறை கூறவில்லை. அவர் சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

1979-ல் நான் ராணுவத்தில் சேர்ந்தேன். நாய்களைப் பழக்கும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்து மீரட்டுக்கு அனுப்பினார்கள். நாய் என்றாலே நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, லாப்ரடார் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் நாயைக் கொடுத்தார்கள். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய் குரைக்கக் கூடாது, தோண்டக் கூடாது. மோப்பம் கிடைத்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட வேண்டும். காஷ்மீரில் இரண்டு முறை எனக்கு முன்னால் போன அந்த நாய் பாதையில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்ததினால் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மட்டும் இரண்டு வருடம் அம்மாவுக்கு எழுதவில்லை.

2001-ல் ஊர் திரும்பினேன். இப்பொழுது என் வாரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நம் மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையின் வாசலில் உட்கார்ந்திருப்பேன். முதலாவது, கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவவைப்பது என் வேலை. எத்தனையோ பேர் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்பிக்கொண்டு வருகிறார்கள். கழுவுவதுதான் முதல் மருந்து என்று சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காயம் ஆழமாக இருந்தால் அந்த இடத்திலேயே சீரம் போடுவார்கள். அது உடனே வேலை செய்யும். தடுப்பூசி வேலை செய்யச் சில நாட்கள் பிடிக்கும். இப்போது தொப்புளைச் சுற்றி 14 ஊசி கிடையாது. தோலில் போடும் முறையில், முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28 ஆகிய நாட்களில் வந்தால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, என் நோட்டுப் புத்தகம். பேர், ஊர், எந்த உப்பளம், அடுத்த ஊசி என்றைக்கு என்று எழுதிக்கொள்வேன். முதல் ஊசிக்கு எல்லாரும் ஓடி வருகிறார்கள். மூன்றாம் நாளும் வருகிறார்கள். ஏழாம் நாள் காயம் ஆறியிருக்கும். அன்றைக்குத்தான் வரிசை குறைகிறது.

சென்ற வருடம் பங்குனியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். உப்பளத்துக் கொட்டகையில் வளர்ந்த நாய்க்குட்டி அவள் கெண்டைக்காலைக் கடித்திருந்தது. குட்டிதானே என்று அசட்டையாக விடாமல் அன்றைக்கே வந்தது நல்லது. சீரமும் போட்டாயிற்று. குட்டியைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள், ஏதாவது ஆனால் சொல்லியனுப்புங்கள் என்றோம். வியாழக்கிழமை ஊசிக்கு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். தாய் பாத்தியில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"காயம்தான் ஆறிப்போச்சே, மிலிட்டரி ஐயா" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "குட்டி எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அது வெள்ளிக்கெழமையே செத்துப்போச்சுங்க. சொன்னா மேஸ்திரி திட்டுவாருன்னு சொல்லல."

நான் மேஸ்திரியிடம் போய், "இந்த அம்மாவுக்குப் பதிலாக நான் நிற்கிறேன், கூலியை இவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தாயும் மகளும் ஆட்டோவில் போனார்கள். நான் உச்சிவேளை மட்டும் உப்பு வாரினேன். கால் வெடிப்புகளில் உப்புத்தண்ணீர் ஏறி எரிந்த எரிச்சல் நான்கு நாள் போகவில்லை. அறுபது வயதுக்கு மேல்தான், என் அப்பா அந்த ஐந்தாம் நாள் எங்கே நின்றார் என்பது எனக்குச் சரியாகப் புரிந்தது.

ஒரு நாள் தாமதமானாலும் ஊசியை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார் டாக்டர் அம்மா. 28-ம் நாள் ஊசியும் போட்டாயிற்று. ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சிறுமி நலமாகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

அதன்பின் நான் ஒரு விண்ணப்பம் வைத்தேன். ஊசி அறை காலையில் மட்டுமே திறந்திருந்தது. உப்பளத்து ஜனங்களுக்கு அதுவே கூலி நேரம். குறை அந்தத் தாயினிடத்தில் மட்டும் இல்லை, நாம் கதவைத் திறந்து வைத்த நேரத்திலும் இருந்தது. இப்போது அந்த இரண்டு நாளும் மாலை 5 மணிக்கும் ஊசி போடப்படுகிறது. ஏழாம் நாளில் என் நோட்டில் காலியாகக் கிடந்த கட்டங்கள் இப்போது பெரும்பாலும் நிரம்பியிருக்கின்றன.

புதன்கிழமை நாய்களுக்குரிய நாள். கால்நடை மருத்துவர் தடுப்பூசி போட வரும்போது நாயைப் பிடித்துக்கொடுப்பேன். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் குந்தி, புறங்கையை நீட்டி, அது தானாக வரும்வரை காத்திருப்பேன். சுருக்குப் போட்டால் அடுத்த வருடம் அந்த நாய் கிட்டேயே வராது. ஓர் ஊரில் 100 நாய்களில் 70-க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், வெறிநோய் அங்கே பரவ முடியாமல் நின்றுபோகும் என்கிறார்கள். லாசருவின் பருக்களை நாய்கள் நக்கியதை நாம் வேதத்தில் அறிந்திருக்கிறோம். நாய் நக்கினால் புண் ஆறும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். நம்பவேண்டாம். இந்த நோய் எச்சிலில்தான் இருக்கிறது.

பங்காளர்களாகிய உங்களுக்கு ஒரு பழைய செய்தி. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது இதற்கான தடுப்பூசி நிலையம் கிடையாது. வடக்கே கசௌலியில்தான் இருந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1907-ல் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் தொடங்கப்பட்டது. ஒரு காணிக்கை அந்த நெடுந்தூரத்தைக் குறைத்தது. நீங்கள் கொடுப்பதால் மருந்து இன்று எங்கள் ஊர்க் குளிர்பெட்டிக்கே வந்துவிட்டது. பாத்தியிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் உள்ள தூரந்தான் பாக்கி. அதற்கு ஒரு நோட்டும் ஒரு மொபெட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்ப நாள். திண்டிவனத்திலிருந்து மகளும் மருமகனும் பேரனும் வருவார்கள். மீன் குழம்பு சாப்பிட்டபின், பேரன் என் நோட்டிலிருந்து அந்த வாரத்துப் பேர்களை உரக்க வாசிப்பான். என் தாயார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். வயது தொண்ணூறை நெருங்குகிறது, கண் தெரியாது. ஒவ்வொரு பேருக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அடுத்த ஊசிக்குப் போனானா?"

போனான் என்று பேரன் சொன்னால்தான் அடுத்த பேருக்குப் போக விடுவார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாய் யாரையாவது கடித்தால், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பிறகு, காயம் ஆறிவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது, நாளை எண்ணி, கூடவே போய் அழைத்துக்கொண்டு வாருங்கள்.