ஓட வேண்டாம் என்று சொல்லப்பட்ட இதயம்

1911ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் தொடங்கப் போகிறது. ஓடவந்தவர்களை மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். கிளாரன்ஸ் டிமார் என்ற இளைஞரின் நெஞ்சில் ஒரு முணுமுணுப்பு ஒலி கேட்கிறது. களைப்பு தெரிந்தால் நின்றுவிட வேண்டும், இதற்குப் பிறகு போட்டிகளே வேண்டாம் என்று அவரிடம் சொல்கிறார்கள்.

அன்று முதலாவதாக வந்தவர் டிமார்தான். அச்சுத்தொழில் செய்து பிழைத்த அவர், அதே பாஸ்டன் மாரத்தானை மொத்தம் ஏழு முறை வென்றார். கடைசி வெற்றி 1930இல், 41 வயதில். 65 வயதிலும் அங்கே ஓடினார்.

அந்த மருத்துவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நோயால் இதயம் வீங்குவதை அவர்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். ஆனால் 1899லேயே ஹென்ஷென் என்ற சுவீடன் மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை, நாம் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல, விரலால் தட்டிப் பார்த்தே அவர்களின் இதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார். அது நோயல்ல, உழைப்புக்கு உடல் பழகிக்கொண்ட விதம் என்பது அவர் முடிவு.

நம் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடியவருக்கு இடது கீழறை விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் 100 மில்லிலிட்டருக்கு மேல் வெளியேறும். அதனால்தான் ஓய்வில் நமக்கு 70, 75 முறை துடிப்பது அவருக்கு 45 முறை துடித்தாலே போதுமானதாகிறது.

டிமார் 1958இல் புற்றுநோயால் இறந்தார். அவரது உடற்கூறாய்வு முடிவை, புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி வைட்டும் கரன்ஸ் என்ற மருத்துவரும் 1961இல் வெளியிட்டார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. கொழுப்புப் படிவு அவருக்கும் இருந்தது. ஆனால் பாதை அகலமானதால் இரத்தம் தடைபடவில்லை.

ஓட்டம்தான் அவற்றை அகலமாக்கியதா, பிறவியிலேயே அப்படியா என்பதை ஒரே ஓர் உடலை வைத்து முடிவுசெய்ய முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு. சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அதிக முறை பங்கேற்றவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு கூடுதலாகவே இருந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நெடுந்தூரப் போட்டிகளில் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றுபோனது. எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனாலும், தங்களுக்கு இதயநோய் இருப்பதே தெரியாமல் ஓடியவர்கள் அவர்களில் உண்டு என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ உடனே நின்றுவிடுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், பயிற்சி தொடங்கும் முன்பே ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பாருங்கள். டிமாரைச் சோதித்தவர்களுக்கு நெஞ்சின் ஒலி மட்டுமே துணை. இன்று இதயத் தசையின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அது ஓட்டத்தால் வளர்ந்ததா, நோயால் தடித்ததா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.